முகம் தெரியாத கடைக்குப் பணம் அனுப்பியது எப்படி? அமெரிக்கக் கிராமங்களின் தபால்வழி வணிகம்

ஏரிக்காற்று எழுதியது:

நான் இருப்பது இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில். போன வாரம் ஊருக்கு வெளியே ஒரு பழம்பொருள் கடையில், தபால்வழியாகப் பொருள் விற்ற சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் விலைப்பட்டியல் ஒன்று கிடைத்தது. 1920களில் வந்தது, செங்கல் கனம். குதிரைச் சேணம், தையல் மெஷின், ஆண்களின் கோட்டு, பால் ஏடு பிரிக்கும் இயந்திரம் என்று வீட்டுக்கும் வயலுக்கும் வேண்டிய எல்லாமே இருக்கின்றன. ஓரங்களில் பென்சில் வட்டங்கள். சில பக்கங்களில் பெண்களின் படங்கள் மட்டும் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் காகிதப் பொம்மைக்கு எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த வணிகம் ஏன் மலிவாக இருந்தது என்பது எனக்கு ஓரளவு புரிகிறது. இடைத்தரகர் இல்லை, மொத்தக் கொள்முதல், சிக்காகோவிலிருந்து எல்லாத் திசைக்கும் ரயில். புரியாதது வேறொன்று. ஒரு விவசாயி, வருடத்தில் அறுவடைக்குப் பிறகு மட்டுமே கையில் காசு பார்ப்பவன், கண்ணால் காணாத ஒரு கடைக்கு அந்தக் காசை முன்கூட்டியே அனுப்புகிறான். எதை நம்பி?

தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பழையதாள் எழுதியது:

நல்ல கேள்வி. சியர்ஸில் தொடங்கினால் பாதிக் கதை போய்விடும். ஆரோன் மாண்ட்கோமரி வார்டிலிருந்து தொடங்க வேண்டும்.

வார்டு ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்ற விற்பனைப் பிரதிநிதி. ஊர்க்கடை எப்படி நடக்கிறது, விவசாயி எங்கே குமுறுகிறான் என்பதை நேரில் பார்த்தவர். 1871 அக்டோபரில் சிக்காகோவை எரித்த பெருந்தீயில் அவர் சேர்த்து வைத்திருந்த சரக்கும் போனது. அடுத்த ஆண்டே மறுபடி தொடங்கினார். 1872-இல் வந்த முதல் பட்டியல் ஒரே ஒரு தாள், 163 பொருள்கள்.

அந்தத் தாளை யாரிடம் கொடுத்தார் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான முதல் விடை இருக்கிறது. 1867-இல் தொடங்கிய கிரேஞ்ச் என்ற விவசாயிகள் சங்கம் அப்போது மேற்கில் காட்டுத்தீ போலப் பரவிக்கொண்டிருந்தது. ரயில் கம்பெனிகள் மீதும் இடைத்தரகர்கள் மீதும் கடும் கோபம் கொண்ட சங்கம். வார்டு தன் நிறுவனத்தையே கிரேஞ்சின் சரக்குக் கடை என்று அறிவித்துக்கொண்டார். அதாவது விவசாயி நம்பியது வார்டை அல்ல, தன் சங்கத்தை.

அப்படியும் சந்தேகம் விடவில்லை. 1873-இல் ‘சிக்காகோ டிரிப்யூன்’ பத்திரிகை, இந்த ஆசாமிகள் ஏமாற்றுக்காரர்கள், கிரேஞ்சர்களே உஷார் என்று எழுதியது. கடை இல்லை, ஏஜெண்ட் இல்லை, தபால் முகவரி மட்டும் இருக்கிறது என்பதே குற்றச்சாட்டின் சாரம். பிறகு தவறு என்று ஒப்புக்கொண்டு மறுப்பு வெளியிட்டது. வார்டு அந்த மறுப்பையே விளம்பரமாக்கினார். 1875-இல் ‘திருப்தி இல்லையேல் பணம் வாபஸ்’ என்ற உத்தரவாதமும் வந்தது.

கடைக்காரர் மகன் எழுதியது:

எல்லோரும் இப்போது வார்டையும் சியர்ஸையும் புகழ்ந்து தள்ளுவீர்கள். அதற்குமுன் எதிர்க்கட்சி ஒன்று இருக்கட்டும்.

என் தந்தை மளிகைக்கடை வைத்திருந்தவர். கடன் நோட்டு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அமெரிக்க ஊர்க்கடையும் அதே நோட்டில்தான் ஓடியது. மழை பொய்த்த வருடத்தில் அந்தக் கடைக்காரர்தான் மாவும் மண்ணெண்ணெயும் கடனுக்குக் கொடுத்தார். முட்டையையும் வெண்ணெயையும் காசுக்குப் பதிலாக வாங்கிக்கொண்டார். சிக்காகோக்காரன் முட்டை வாங்குவானா? நல்ல விளைச்சல் வந்ததும் ரொக்கம் தபாலில் சிக்காகோ போய்விடும். மோசமான வருடம் வந்தால் மறுபடி ஊர்க்கடை வாசலில் நிற்பார்கள். எந்த ஊர்க்கடைக்காரருக்கும் வயிறு எரியும்.

மின்மினி எழுதியது:

வயிறு எரிந்தது மட்டுமா, பட்டியலையே எரித்தார்கள் என்று படித்திருக்கிறேன். சில ஊர்களில் பட்டியலைக் கொண்டுவந்து தீயில் போட்டால் பரிசு என்று கடைக்காரர்கள் அறிவித்தார்களாமே?

பழையதாள் எழுதியது:

உண்மை. ஊர்ச் சதுக்கத்தில் சொக்கப்பனை கொளுத்துவது போல நடந்தது. பிள்ளைகளிடம் சினிமா டிக்கெட் கொடுத்துப் பட்டியலை வாங்கி எரித்த ஊர்களும் உண்டு. ‘மங்கி வார்டு’ (குரங்கு வார்டு) போன்ற கேலிப் பெயர்களும் அப்போது பிறந்தவையே. ஊர்க்காரர் கண்ணில் படாமல் வாங்க நினைத்தவர்களுக்காக, நிறுவனத்தின் பெயர் போடாத பெட்டிகளில் சரக்கு அனுப்பப்பட்டது. சிக்காகோவிலிருந்து சட்டை வாங்குவது அத்தனை ரகசியமாகச் செய்யும் காரியமாக இருந்தது!

கடைக்காரர் மகன் சொல்வதில் ஒரு பாதி நியாயம். இன்னொரு பாதியை அவர் சொல்லவில்லை. அந்தக் கடன் நோட்டில் விலை எழுதியது யார்? பல ஊர்க்கடைகளில் பொருள் மீது விலைச்சீட்டே இராது. வருபவரின் முகத்தைப் பார்த்து விலை. கடனுக்கு வாங்கினால் ரொக்க விலையைவிடக் கூடுதல். அச்சடித்த விலை என்பது அந்த விவசாயிக்குப் புதிய விஷயம். ஊரில் பெரிய பண்ணைக்காரனுக்கும் அதே விலை, தனக்கும் அதே விலை. தெரிந்த முகத்தைவிடத் தெரியாத அச்சு நம்பகமாகப் பட்டிருக்கிறது.

தபால்பெட்டி எழுதியது:

தபால் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இழையில் வார்டு வந்துவிட்டார், சியர்ஸ் வரப்போகிறார். தபால்காரர் இன்னும் வரவில்லை. தம்பி ஏரிக்காற்று கேட்ட நம்பிக்கை, பெரும்பகுதி தபால்காரர் மீது வைத்த நம்பிக்கைதான்.

1896-க்கு முன் அமெரிக்க விவசாயிக்கு வீட்டில் தபால் வராது. நகரத்தானுக்கு வரும், இவனுக்கு வராது. வண்டி கட்டிக்கொண்டு சில மைல் போய் ஊரில் வாங்க வேண்டும். அந்தத் தபால் நிலையம் எங்கே இருந்தது தெரியுமா? பெரும்பாலும் ஊர்க்கடைக்குள்ளேதான். கடைக்காரரே போஸ்ட் மாஸ்டர். சிக்காகோவுக்கு மணியார்டர் எழுத வேண்டுமானால், எவரிடம் வாங்காமல் தப்பிக்க நினைக்கிறோமோ அவரிடமே போய்க் கையை நீட்ட வேண்டும். வந்த பட்டியல் யாருக்கு என்பதும் அவருக்குத் தெரியும்.

1896 அக்டோபர் 1-ஆம் தேதி மேற்கு வர்ஜீனியாவில் சார்லஸ் டவுன், ஹால்டவுன், யூவில்லா என்ற மூன்று சிற்றூர்களிலிருந்து கிராம இலவச விநியோகம் தொடங்கியது. இந்த யோசனைக்காக முன்பே போராடிய தபால் துறைத் தலைவர் ஜான் வானமேக்கர், ஃபிலடெல்ஃபியாவில் பெரிய துணிக்கடை அதிபர் என்பது ஒரு வேடிக்கை. ஜார்ஜியாவைச் சேர்ந்த டாம் வாட்சன் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்தான் 1893-இல் இதற்கு முதன்முதலாகப் பத்தாயிரம் டாலர் ஒதுக்க வைத்தவர். 1902-இல் நிரந்தரச் சேவை ஆனது. 1901-இல் அந்த நாட்டில் ஏறத்தாழ 77,000 தபால் நிலையங்கள் இருந்தன. அதுதான் உச்சம். அதன்பிறகு குறைந்துகொண்டே வந்தது. ஏன்? வீட்டுக்கே தபால் வந்தபின் கடைக்குள் இருந்த அந்தச் சின்ன நிலையங்களுக்கு வேலை இல்லை. தபாலுக்காகக் கடைக்கு வந்த கால்களும் நின்றன.

சியர்ஸ் பட்டியலிலேயே ஒரு குறிப்பு உண்டு: கடிதத்தையும் பணத்தையும் தபால்காரரிடம் கொடுத்துவிடுங்கள், அவரே மணியார்டர் எடுத்து உங்கள் கடிதத்துடன் அனுப்பிவிடுவார் என்று. அதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நாங்களும் செய்திருக்கிறோம். எழுதத் தெரியாத பாட்டிக்கு மணியார்டர் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறோம். அந்தக் கம்பெனி தன் கல்லாப்பெட்டியைச் சர்க்கார் தபால்காரர் பையில் வைத்திருக்கிறது!

மின்மினி எழுதியது:

ஐயா, அப்படியானால் பார்சல்? கலப்பையைத் தபால்காரர் தூக்கி வந்தாரா?

தபால்பெட்டி எழுதியது:

இல்லை அம்மா. 1913 வரை உள்நாட்டுத் தபாலில் நான்கு பவுண்டுக்கு மேல் அனுப்ப முடியாது. அதற்கு மேல் என்றால் தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிகள், அல்லது ரயில் சரக்கு. நீங்கள் நாலைந்து மைல் போய் ஸ்டேஷனில் எடுத்து வர வேண்டும். கொடுமை என்னவென்றால், 1887 முதல் வெளிநாட்டுக்குப் பதினோரு பவுண்டு வரை பார்சல் அனுப்ப வழி இருந்தது. அடுத்த மாநிலத்துக்கு அனுப்ப வழி இல்லை. எக்ஸ்பிரஸ் கம்பெனிகளின் செல்வாக்கு அப்படி. ஊர்க்கடைக்காரர்களும் பார்சல் சேவை கூடவே கூடாது என்று மனுப் போட்டார்கள்.

1913 ஜனவரி 1-இல் பார்சல் தபால் தொடங்கியது. முதல் ஆறு மாதத்தில் 30 கோடி பார்சல்கள். எடை வரம்பு பதினொன்றில் தொடங்கி அடுத்த ஆண்டே அருகிலுள்ள மண்டலங்களுக்கு ஐம்பது பவுண்டு ஆனது.

பழையதாள் எழுதியது:

அந்த ஐம்பது பவுண்டை மக்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1914-இல் ஐடஹோவில் ஒரு சிறுமியின் கோட்டில் 53 சென்ட் தபால்தலை ஒட்டிப் பாட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். ரயில் டிக்கெட்டைவிட மலிவு. 1916-இல் யூட்டாவின் வெர்னல் என்ற ஊரில் வங்கிக் கட்டடத்துக்கான செங்கற்களே ஐம்பது பவுண்டுப் பொட்டலங்களாகத் தபாலில் வந்தன. அதன்பிறகு, கட்டடங்களைத் தபாலில் அனுப்புவது எங்கள் நோக்கமல்ல என்று துறை புதிய வரம்பு விதித்தது.

ஏரிக்காற்று எழுதியது:

சிரித்துவிட்டேன். ஆனால் என் கேள்விக்குத் திரும்புகிறேன். சங்கம், அச்சடித்த விலை, தபால்காரர், எல்லாம் சரி. சியர்ஸ் தரப்பில்? ரிச்சர்ட் சியர்ஸ் கொஞ்சம் புளுகர் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். அவரை நம்பியது எப்படி?

பழையதாள் எழுதியது:

கொஞ்சம் அல்ல, நிறையவே.

ஆள் மினசோட்டாவில் நார்த் ரெட்வுட் என்ற சின்ன ஸ்டேஷனில் ரயில்வே ஏஜெண்ட். 1886-இல் ஒரு நகைக்கடைக்காரர் வேண்டாம் என்று மறுத்த கைக்கடிகாரப் பெட்டி ஒன்று ஸ்டேஷனில் கிடந்தது (கைக்கடிகாரம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், சட்டைப்பைக் கடிகாரம்). அதை வாங்கி வழிநெடுக இருந்த மற்ற ஸ்டேஷன் ஏஜெண்டுகளுக்கு விற்றார். முதல் வாடிக்கையாளர்களே ஜாமீன் கட்டி வேலை பார்த்த ரயில்வே ஆட்கள், பணம் எங்கும் ஓடாது. பிறகு சிக்காகோ போனார், கடிகாரம் பழுதுபார்க்க ஆல்வா ரோபக் என்ற இளைஞரைச் சேர்த்துக்கொண்டார். ரோபக் 1895-இல் பயந்துபோய் 25,000 டாலருக்குத் தன் பங்கை விட்டுவிட்டார். அதே ஆண்டு ஜூலியஸ் ரோசன்வால்ட் என்ற துணி வணிகர் பங்குதாரராக உள்ளே வந்தார்.

சியர்ஸ் விளம்பரம் எழுதுவதில் சூரன். கையில் சரக்கு இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் விளம்பரம் போட்டுவிடுவார். ஆரம்பகாலப் பட்டியல்களின் மருந்துப் பக்கங்களைப் பார்த்தால் தலை சுற்றும். மின்சார இடுப்புப் பட்டை கட்டினால் ஆண்மை திரும்பும் என்பார்கள், முகப்பொலிவுக்கு ஆர்சனிக் வில்லை விற்பார்கள். அதையும் இதே விவசாயிகள்தான் நம்பி வாங்கினார்கள். எனவே நம்பிக்கை என்றதும் நெகிழ்ந்துவிட வேண்டாம். ரோசன்வால்ட் காலத்தில்தான் இந்த மருந்துக் குப்பை ஒழிந்தது.

ஆனால் சியர்ஸ் ஒரு விஷயத்தில் கில்லாடி: கூச்சத்தை அறிந்தவர். எழுத்துப்பிழை வருமே, ஆங்கிலம் சரியாக வராதே என்று தயங்குபவனிடம், உனக்குத் தெரிந்தபடி எழுது, எந்த மொழியிலும் எழுது, எங்களிடம் படிக்க ஆள் இருக்கிறது என்று பட்டியலில் சொன்னார். மினசோட்டாவிலும் அயோவாவிலும் ஜெர்மன்காரர்களும் சுவீடன்காரர்களும் குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. ஊர்க்கடையில் உச்சரிப்புக்குக் கேலி வாங்கியவனுக்கு இந்த ஒரு வரி போதாதா?

1905-இல் அயோவாவில் இன்னொரு தந்திரம் செய்தார். நல்ல வாடிக்கையாளர்களிடம் ஆளுக்கு 24 பட்டியல்களை அனுப்பி, உங்கள் அக்கம்பக்கத்தாருக்குக் கொடுங்கள், அவர்கள் வாங்கினால் உங்களுக்குப் பரிசு என்றார். முகம் தெரியாத கம்பெனிக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் முகம் கிடைத்துவிட்டது.

ஒரு துணுக்கு: சியர்ஸ் தன் பட்டியலை வார்டின் பட்டியலைவிடச் சற்றுச் சிறிய அளவில் அச்சடித்தார். வீட்டைச் சுத்தம் செய்யும் பெண்மணி இரண்டையும் அடுக்கினால் சிறியதுதானே மேலே வரும்.

கடைக்காரர் மகன் எழுதியது:

பரிசு கொடுத்துப் பக்கத்து வீட்டுக்காரரை ஏஜெண்டாக்கியிருக்கிறார். இதைத்தான் நம்பிக்கை என்கிறீர்கள்!

மின்மினி எழுதியது:

தெற்கு மாநிலங்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கறுப்பின மக்களுக்கு இந்தப் பட்டியல் ஒரு விடுதலை என்று சில வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஜிம் குரோ என்ற இனப் பாகுபாட்டுச் சட்டங்கள் இருந்த காலத்து ஊர்க்கடையில் வெள்ளையர் எல்லோரும் வாங்கி முடிக்கும்வரை காத்து நிற்க வேண்டும், நல்ல துணி இருந்தாலும் இவர்களுக்குக் காட்ட மாட்டார்கள். தபாலில் வாங்கினால் தோலின் நிறம் யாருக்கும் தெரியாது. வெள்ளைக் கடைக்காரர்கள் ஆத்திரத்தில் சியர்ஸும் ரோபக்கும் கறுப்பர்கள், அதனால்தான் முகம் காட்டுவதில்லை என்று புரளி கிளப்பினார்களாம். நிறுவனம் படம் வெளியிட்டு மறுக்க வேண்டியிருந்தது.

கடைக்காரர் மகன் எழுதியது:

புரளி கிளப்பியவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது அயோக்கியத்தனம். ஆனால் ‘விடுதலை’ என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். தெற்கில் கறுப்பின விவசாயிகளில் பெரும்பாலோர் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுதவர்கள். விதை முளைக்கும் முன்பே பருத்தி விளைச்சல் கடைக்காரர் பெயரில் அடமானம். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பாக்கிதான் மிஞ்சும். சில பண்ணைகளில் கூலியே அந்தப் பண்ணைக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் சீட்டாகத் தரப்பட்டது. அவன் சிக்காகோவுக்கு எதை அனுப்புவான்? பட்டியல் ரொக்கம் கேட்டது. ரொக்கம் இருந்தவனுக்கு அது விடுதலை. இல்லாதவன் படம் பார்த்தான்.

பழையதாள் எழுதியது:

இதை மறுக்க மாட்டேன். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். சியர்ஸ் கடனுக்குக் கொடுக்கத் தொடங்கியதே 1911 வாக்கில்தான், அதுவும் எல்லோருக்கும் எல்லாப் பொருளுக்கும் அல்ல.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். படம் பார்த்ததும் ஒன்றுமில்லாத விஷயம் அல்ல. கடன் நோட்டில் எழுதியிருக்கும் செருப்பின் விலையையும் பட்டியலில் அச்சாகியிருக்கும் விலையையும் ஒருவன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால், தான் எவ்வளவு ஏமாற்றப்படுகிறோம் என்பது டாலரிலும் சென்ட்டிலும் தெரிந்துவிடும். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் இருந்திருக்கலாம்.

நெறியாளர் எழுதியது:

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இன்றைய இணைய வணிக நிறுவனங்கள் பற்றிய சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போங்கள்.

ஏரிக்காற்று எழுதியது:

நன்றி. ஞாயிறு அன்று கார்லின்வில் வரை போய் வந்தேன். இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை. சியர்ஸ் 1908 முதல் 1940 வரை வீடுகளையே பட்டியலில் விற்றது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மொத்தம் 70,000-க்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். அளவாக அறுத்து எண் போட்ட மரம், ஆணி, பெயின்ட், கதவுக் கைப்பிடி, கூடவே ஒரு கையேடு, எல்லாம் ரயில் பெட்டியில் வந்து இறங்கும். 1918-இல் இந்தியானாவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் தன் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒரேயடியாகப் பத்து லட்சம் டாலருக்கு ஆர்டர் கொடுத்தது. கார்லின்வில்லில் மட்டும் 150-க்கும் மேற்பட்ட வீடுகள். சுரங்கம் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. வீடுகள் இன்னும் நிற்கின்றன. ஒரு வாசலில் ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார், கையசைத்தார்.

ஆனால் 1930களின் பெருமந்தத்தில் இதே சியர்ஸ்தான் தன்னிடம் அடமானம் வைத்து வீடு வாங்கியவர்களின் வீடுகளைப் பறிமுதல் செய்தது. கடைக்காரர் மகன் இதைப் படித்தால் மகிழ்வார் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

கடைக்காரர் மகன் எழுதியது:

மகிழவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: கடன் கொடுக்க ஆரம்பித்ததும் சிக்காகோக்காரனும் ஊர்க்கடைக்காரன் ஆகிவிட்டான் அல்லவா? அதுவும் வாசலில் போய் நின்று அவகாசம் கேட்க முடியாத ஊர்க்கடைக்காரன்.

மின்மினி எழுதியது:

இந்த வணிகம் எப்போது சரிந்தது? சியர்ஸ் 2018-இல் திவால் மனுப் போட்டது தெரியும். பட்டியல்?

பழையதாள் எழுதியது:

பெரிய பட்டியலை 1993-இல் நிறுத்தினார்கள். வார்டு 1985-இலேயே நிறுத்திவிட்டது. ஆனால் திசை மாறியது 1920களில். விவசாயி கார் வாங்கிவிட்டான், தபால் வண்டிக்காகப் போட்ட நல்ல சாலையிலேயே ஊருக்குப் போனான். 1920 மக்கள்தொகைக் கணக்கில் முதல்முறையாக நகரவாசிகள் பாதிக்கு மேல். வார்டு நிறுவனத்திலிருந்து சியர்ஸுக்கு மாறிய ராபர்ட் வுட் என்ற நிர்வாகி இந்தப் புள்ளிவிவரங்களை விரும்பிப் படிப்பவர். 1925-இல் சிக்காகோவில் சியர்ஸின் முதல் கடை திறந்தது. ஏரிக்காற்றின் பிரதி கிட்டத்தட்ட அந்தக் காலத்தது.

பழைய பதிப்புகள் கொல்லைப்புறக் கழிப்பறையில் ஆணியில் தொங்கின. புதிய பதிப்பு வந்ததும் பழையது அங்கே போகும். வழவழத் தாளுக்கு மாறியபோது மக்கள் குறைபட்டுக்கொண்டார்களாம்.

ஏரிக்காற்று எழுதியது:

என் பிரதி அந்த ஆணிக்குத் தப்பியிருக்கிறது. நேற்றிரவு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். கடைசியில் ஆர்டர் படிவம் கிழிக்கப்படாமல் இருக்கிறது. பென்சில் எழுத்து: பெண்கள் குளிர்கால மேலங்கி ஒன்று, அளவு, நிறம், விலை. அதன்கீழ் குழந்தைக் காலணி ஒரு ஜோடி. தபால் செலவுக்கான கட்டம் மட்டும் காலி. மேலங்கியின் மேல் ஒரு கோடு கிழித்து அழித்திருக்கிறார்கள். படிவம் போகவே இல்லை.

தபால்பெட்டி எழுதியது:

தபால் செலவு தெரியாமல் விட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தூரத்தை வைத்து மண்டலம், மண்டலத்தையும் எடையையும் வைத்துக் கட்டணம். சிக்காகோவிலிருந்து 150 முதல் 300 மைல் வரை என்றால் மூன்றாம் மண்டலம், உங்கள் பக்கம் அதில்தான் வரும். எடை பொருளின் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். காலணியின் பக்கத்தைப் பார்த்து எத்தனை பவுண்டு என்று சொல்லுங்கள் தம்பி.